அரேஞ்சர் கீபோர்டு வாங்கும் முன் பத்துப் பாட்டை எழுதிக்கொள்ளுங்கள்

எனக்கு ஏற்ற கீபோர்டு கைக்கு வந்து சேர ஒன்பது மாதம் ஆனது. அதற்குள் இரண்டு கருவிகளை வாங்கி, இரண்டையும் நஷ்டத்துக்கு விற்றேன். முதலில் வாங்கியது எனக்கு வேண்டிய வகையே இல்லை. அடுத்து வாங்கியது வகையில் சரிதான், ஆனால் நான் வாசிக்கும் பாட்டுக்கு அதில் தாளம் இல்லை. விற்றதில் மொத்தம் 11,000 ரூபாய் போனது. நான் கருங்கல் பக்கம் ஒரு சபையில் பாடகர் குழுவுக்கு வாசிக்கிறேன். வீட்டில் பழைய சினிமா மெல்லிசை வாசித்துப் பழகுகிறேன். நம் குமரி மாவட்டத்தில் ஊருக்கு நாலு பேராவது கீபோர்டு வாங்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு அந்தப் பணமும் நாளும் மிஞ்சட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அரேஞ்சர் என்பது என்ன என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். இடது கையால் ஒரு கார்ட் (ஒன்றாக ஒலிக்கும் சில ஸ்வரங்கள்) பிடித்தால், அதற்கேற்ப டிரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாவற்றையும் கருவியே வாசிக்கும். வலது கையால் நீங்கள் மெட்டை வாசிப்பீர்கள். கருவி வாசிக்கும் அந்தப் பின்னணிக்கு ஸ்டைல் அல்லது ரிதம் என்று பெயர்.

1. கடைக்குப் போகும் முன்: பத்துப் பாட்டு

மாடல் பெயர் எதையும் தேட வேண்டாம். முதலில் ஒரு தாளை எடுத்து, அடுத்த ஒரு வருடத்தில் நீங்கள் உண்மையாகவே வாசிக்கப் போகிற பத்துப் பாட்டை எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வேண்டியது, வீட்டில் பிள்ளைகள் கேட்பது, வேலை செய்யும்போது உங்கள் வாயில் தானாக வருவது. அப்புறம் ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் மூன்று விஷயம் குறியுங்கள்.

எண்ணிக்கை: பாட்டைப் போட்டுவிட்டுத் தொடையில் தட்டுங்கள். பலமான அடி விழும் இடத்தில் ஒன்று என்று தொடங்கி, அடுத்த பலமான அடி வரும்வரை எண்ணுங்கள். நாலா, மூன்றா, ஆறா என்று தெரிந்துவிடும். கர்நாடக சங்கீதம் படித்தவர்கள் சதுஸ்ரம், திஸ்ரம் என்று எழுதினாலும் சரி.

வேகம்: போனில் இலவச மெட்ரோனோம் ஆப் கிடைக்கும். பாட்டோடு சேர்ந்து திரையைத் தட்டினால் நிமிடத்துக்கு எத்தனை அடி என்று காட்டும். அந்த எண்ணை எழுதுங்கள்.

வாத்தியம்: பாட்டைத் தூக்கி நிறுத்துவது எது? வயலின் கூட்டமா, புல்லாங்குழலா, ஆர்கனா, தபலாவா?

பாடகர்களுக்கு வாசிப்பவர்கள் என்றால், பாடுகிறவர் எத்தனை கட்டையில் (சுருதியில்) பாடுவார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் தாளில் நாலு கீர்த்தனை, மூன்று சினிமாப் பாட்டு, இரண்டு கிறிஸ்துமஸ் பாட்டு, ஒரு கும்மிப் பாட்டு இருந்தன. எண்ணிப் பார்த்தபோது பத்தில் ஆறு பாட்டு மூன்று அல்லது ஆறு எண்ணிக்கை. அன்றைக்குத்தான் என் இரண்டாவது கீபோர்டில் என்ன தவறு என்று விளங்கியது. அதில் இருநூறுக்கு மேல் ஸ்டைல் இருந்தது. பாப், ராக், டான்ஸ் என்று பெரும்பாலும் நாலு எண்ணிக்கை. மூன்றில் இருந்தவை எல்லாம் மேற்கத்திய நடனத்துக்கான வால்ட்ஸ். நம் கீர்த்தனைக்கு அதைப் போட்டால் சபையார் பாட்டை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். இந்தத் தாளை வாங்கும் முன்பே எழுதியிருந்தால் கடையில் பத்தே நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

2. வகை மாறிவிடக் கூடாது

முதல் கருவியை நான் வாங்கியது, ஒரு திருவிழா இன்னிசைக் கச்சேரியில் வாசித்தவரின் கருவியைப் பார்த்து. அதே மாடலைப் பழையதாக ஒருவர் விற்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து அடாப்டரைச் செருகி, சி மேஜர் பிடித்தேன். சத்தமே இல்லை, ஏனென்றால் அதில் ஸ்பீக்கர் கிடையாது. ஹெட்போன் மாட்டிக் கேட்டால் பியானோ அருமையாக இருந்தது. ஆனால் எந்த பட்டனை அழுத்தினாலும் இடது கைக்குப் பின்னணி வரவில்லை. விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. அது சிந்தசைசர். மேடையில் டிரம்மர், பேஸ் கிட்டார்காரர் எல்லாரும் கூட இருப்பவர்களுக்கான கருவி.

கடைகளில் எல்லாவற்றையும் கீபோர்டு என்றே சொல்வார்கள். நீங்கள் நாலு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அரேஞ்சரில் ஸ்டைல் பட்டன்கள் இருக்கும்: இன்ட்ரோ, மெயின், ஃபில்-இன், எண்டிங், சிங்க் ஸ்டார்ட். சிந்தசைசரில் இவை இருக்காது. ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10 நம் பக்கத்து மேடைகளில் அடிக்கடி காணும் நல்ல கருவி, ஆனால் இந்த வகை. டிஜிட்டல் பியானோவில் 88 கீ, அழுத்தக் கனமாக இருக்கும். மேற்கத்திய பியானோ தேர்வு எழுதுகிறவர்களுக்கு அதுதான் சரி. நாலாவது, சின்னக் கீ வைத்த குழந்தைகள் கீபோர்டு. ஏழு வயதுப் பிள்ளைக்குக்கூட அதை வாங்க வேண்டாம். விரல் அந்த அளவுக்குப் பழகிவிட்டால் பெரிய கீக்கு மாறும்போது மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும்.

இன்ட்ரோ, எண்டிங் என்று எழுதிய பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். அவை இல்லையென்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

3. உங்கள் ரசனைக்கு எது முக்கியம்

கடைக்காரர்கள் முதலில் சொல்வது எண்ணிக்கையைத்தான். யமஹா பிஎஸ்ஆர்-இ373-இல் 622 வாய்ஸ் (வாத்திய ஒலி; கேசியோவில் டோன் என்பார்கள்), 205 ஸ்டைல். கேசியோ சிடி-எஸ்300-இல் 400 டோன், 77 ரிதம். யமஹா பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்600-இல் 850 வாய்ஸ், 415 ஸ்டைல். இந்த எண்கள் உண்மைதான். ஆனால் என் இரண்டாவது கருவியின் இருநூற்றுச் சொச்சத்தில் என் பாட்டுகளுக்கு உதவியவை ஒன்பது. உங்கள் பத்துப் பாட்டில் எத்தனைக்குத் தாளம் அமைகிறது என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கீர்த்தனை, பஜனை, பழைய மெல்லிசை வாசிப்பவர்கள் இந்தியாவுக்கென்று வந்த மாடல்களை முதலில் கேட்டுப் பாருங்கள். யமஹாவில் பிஎஸ்ஆர்-ஐ300, ஐ500. கேசியோவில் மாடல் எண்ணின் கடைசியில் ஐஎன் என்று வரும் சிடி-எக்ஸ்870ஐஎன், 9000ஐஎன். இவற்றில் தபலா, தோலக் அடிகள் இருக்கும். தாளப் பெயர்கள் பெரும்பாலும் வடநாட்டுப் பெயர்கள், அதனால் நம்மவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாத்ரா என்றால் ஆறு எண்ணிக்கை. நம் திஸ்ர நடை மெட்டுகள் பலவற்றுக்கு அப்படியே பொருந்தும். கெஹர்வா என்றால் எட்டு; நாலு எண்ணிக்கைப் பாட்டுக்கு அது உதவும். ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். வடநாட்டு ரூபக் ஏழு மாத்திரை. நம் ரூபகம் ஆறு அட்சரம். பெயரை நம்பிப் போட்டால் மூன்றாவது வரியில் பாட்டு கழன்றுவிடும்.

சபையார் எல்லாரும் சேர்ந்து பாடும் பாட்டுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வரி முடிவில் சனங்கள் இழுத்துப் பாடுவார்கள். கருவி காத்திருக்காது. எங்கள் சபையில் முப்பது வருடமாக வாசிக்கும் அண்ணன் எனக்குச் சொன்னது இதுதான்: "மக்கா, பாட்டுக்காரன் பின்னால பெட்டி போகணும், பெட்டி பின்னால பாட்டுக்காரன் ஓடக் கூடாது." ஆகவே இடது கையை எடுத்ததும் தாளம் நிற்கிற சிங்க் ஸ்டாப் வசதி இருக்கிறதா, வாசித்துக்கொண்டே வேகத்தை, அதாவது டெம்போவை, தட்டி மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். நான்கு குரலில் பாடும் மெதுவான பாமாலைகளுக்கு ஸ்டைலே போடாதீர்கள். அதற்கு நல்ல ஆர்கன் ஒலியும், மிதித்தால் ஒலியை நீட்டும் சஸ்டெயின் பெடலும் போதும்.

சினிமா மெல்லிசைக்கு வயலின் கூட்டம், புல்லாங்குழல், நைலான் கிட்டார் மூன்றும் நன்றாக இருக்க வேண்டும். அதோடு பிட்ச் பெண்ட் சக்கரம் வேண்டும். புல்லாங்குழலில் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகிற அந்த அசைவு விரலால் மட்டும் வராது. இ373-இல் இந்தச் சக்கரம் இல்லை. அதைவிட விலை குறைந்த சிடி-எஸ்300-இல் இருக்கிறது. பிஎஸ்ஆர்-இ473-இலும் உண்டு. விலை கூடினால் எல்லா வசதியும் கூடும் என்று நினைத்துவிடாதீர்கள்.

இளைஞர் ஆராதனைப் பாட்டுகள் மட்டும்தான் என்றால் நேராகச் சொல்கிறேன்: கூட டிரம்மர் இருந்தால் உங்களுக்கு அரேஞ்சர் தேவையில்லை, சிந்தசைசரே நல்லது. தனியாக வாசிப்பவர் என்றால் இரண்டு ஒலியைச் சேர்த்துப் போடும் டூயல் வசதியும், ஒரே விரலால் கார்ட் பிடிக்கும் சிங்கிள் ஃபிங்கர் தவிர, பேஸ் சுரத்தைத் தனியாக மாற்றிப் பிடிக்கும் கார்ட் முறையும் பாருங்கள்.

கர்நாடக சங்கீதம் கற்றுக்கொள்ள வாங்குபவர்கள், கமகம் கீபோர்டில் முழுமையாக வராது என்பதைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள். வரிசைகள், அலங்காரம், சுருதி பழக உதவும். ஐ500-இல் தம்புராவும் தபலாவும் ஓடவிட்டுச் சாதகம் செய்யும் வசதி தனியாகவே உண்டு.

திருவிழாக் குத்துப் பாட்டு, வில்லுப்பாட்டுப் பாணி, கும்மி வாசிப்பவர்களுக்குத்தான் கஷ்டம். தவில், உறுமி, பறை அடி எதுவும் கருவியோடு வருவது அரிது. வெளியிலிருந்து ஸ்டைல் ஃபைல் ஏற்ற முடிகிற மாடலாகத்தான் வாங்க வேண்டும். யமஹா ஸ்டைல் கேசியோவிலோ கோர்கிலோ நேரடியாக ஓடாது, ஆகவே உங்களுக்கு ஃபைல் தரப்போகிற நண்பர் என்ன கம்பெனி வைத்திருக்கிறார் என்பதும் ஒரு காரணமாகலாம். இ473-இல் குவிக் சாம்ப்ளிங் இருக்கிறது. ஒரு தவில் அடியைப் பதிந்து பேடில் வைத்துத் தட்டலாம்.

4. பணம்: கருவியின் விலை மட்டும் இல்லை

நான் விசாரித்த அளவில் விலைகள் தோராயமாக இப்படி இருந்தன. பத்தாயிரத்தை ஒட்டிக் கிடைப்பவற்றில் பெரும்பாலும் டச் ரெஸ்பான்ஸ் இருக்காது. மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே சத்தம். 14,000 முதல் 20,000 வரை சிடி-எஸ்300, இ373, சிடி-எக்ஸ்870ஐஎன் போன்றவை. 25,000 முதல் 35,000 வரை ஐ500, சிடி-எக்ஸ்9000ஐஎன், இ473. அதற்கு மேல் ஒரு பெரிய பள்ளம். எஸ்எக்ஸ்600 எழுபதாயிரத்தை ஒட்டி. லட்சத்துக்கு மேல் எஸ்எக்ஸ் வரிசையின் மற்றவையும் கோர்க் பிஏ வரிசையும்.

முதல்முறை வாங்குபவர்கள் 25,000 முதல் 35,000 வரை போக முடிந்தால் போங்கள், முடியாவிட்டால் 15,000 பக்கம் வாங்கி இரண்டு வருடம் வாசியுங்கள். நடுவில் இருபதாயிரத்தைத் தாண்டி ஒன்றை வாங்கி உடனே மாற்றுவதில்தான் பணம் வீணாகும்.

இதற்கு மேல் தனிச் செலவு வரும். ஸ்டாண்டு, பை, சஸ்டெயின் பெடல், கேபிள், ஹெட்போன். எனக்கு எல்லாம் சேர்ந்து 5,200 ஆனது. அடாப்டர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறதா என்று கேளுங்கள். தனியாக வாங்க நேர்ந்தால் அந்த மாடலுக்கு உரியதையே வாங்குங்கள். இ373-க்கு 12 வோல்ட், சிடி-எஸ்300-க்கு 9.5 வோல்ட். முனை ஒரே மாதிரி தெரியும் என்பதால் பக்கத்து வீட்டு அடாப்டரைச் செருகிப் பார்க்கவே கூடாது.

பேரம் பேசும்போது விலையைக் குறைக்க மறுக்கிற கடைகள் ஸ்டாண்டையும் பையையும் சேர்த்துத் தருவார்கள். அதைக் கேளுங்கள்.

5. எங்கே, எந்த மாதத்தில்

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இசைக்கருவிக் கடைகள் உண்டு. பெரும்பாலும் இரண்டு மூன்று மாடல்களைத்தான் வாசித்துப் பார்க்க வெளியே வைத்திருப்பார்கள். மற்றவை சொன்னால் வரவழைத்துத் தருவார்கள். நிறைய மாடல்களை ஒரே நாளில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றால் திருவனந்தபுரம் போகலாம். மார்த்தாண்டத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான், களியக்காவிளை வழியாக பஸ் எப்போதும் உண்டு. ஓணத்தை ஒட்டி அங்கே தள்ளுபடி போடுவார்கள். நான் மூன்றாவது கருவியை அங்கே வாசித்துப் பார்த்து, அதே விலைக்கு இங்கே தர முடியுமா என்று உள்ளூர்க் கடையில் கேட்டு வாங்கினேன். எண்ணூறு ரூபாய் கூடத்தான் கொடுத்தேன். பழுது வந்தால் பக்கத்திலேயே கொண்டு போய்க் கொடுக்கலாம் என்ற நிம்மதிக்கு அது தகும்.

ஆன்லைனில் வாங்குவது தவறில்லை, ஆனால் வாசித்துப் பார்த்த மாடலை மட்டும் வாங்குங்கள். பெட்டி வந்ததும் உடைக்கும் முன்பே வீடியோ எடுக்கத் தொடங்குங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு சில நாட்கள்தான். அந்தக் கெடுவுக்குள் 61 கீயையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட வேண்டும்.

மாதம் மிகவும் முக்கியம். நவம்பர் கடைசியில் கோட்டாறு சவேரியார் திருவிழா தொடங்கும்போதே இங்கே கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடு பிடித்துவிடும். டிசம்பரில் வீடு வீடாகக் கேரல் போகிற குழுக்கள் எல்லாம் கடையில் நிற்பார்கள். கடைக்காரருக்கு உங்களை உட்கார வைத்து வாசிக்க விட நேரம் இருக்காது. கேட்ட மாடல் இருக்காது, இருப்பதைத் தலையில் கட்டுவார்கள். நான் இரண்டாவது கருவியை டிசம்பர் 9-ஆம் தேதி வாங்கினேன். இருந்தது அந்த ஒன்றுதான். கிறிஸ்துமஸுக்கு வாசிக்க வேண்டும் என்றால் செப்டம்பர் முடிவதற்குள் வாங்குங்கள். ஸ்டைலும் பாட்டும் கையில் ஒட்ட இரண்டு மாதமாவது வேண்டும்.

சபைக்காக வாங்குவதாக இருந்தால் இன்னும் முன்னால் தொடங்குங்கள். கமிட்டியோ பங்குப்பேரவையோ கூடித் தீர்மானம் எழுத வேண்டும், மூன்று கடையில் கொட்டேஷன் கேட்பார்கள், பொருளாளர் காசோலை தர ஒரு வாரம் ஆகும். ஜூலையில் பேச்சை எடுத்தால் செப்டம்பரில் கருவி வரும்.

6. கடையில் முக்கால் மணி நேரம்

காலையில் கடை திறந்ததும் போங்கள், கூட்டம் இருக்காது. பத்துப் பாட்டுத் தாள், உங்கள் ஹெட்போன், பாட்டு இருக்கும் போன் மூன்றும் கையில் இருக்கட்டும். வாசிக்கத் தெரியாதவர் என்றால் தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். அவர் வாசிக்கட்டும், காது உங்களுடையதாக இருக்கட்டும்.

கடைக்காரர் முதலில் டெமோ பட்டனை அழுத்துவார். அது கம்பெனி ஏற்கெனவே தயாரித்து வைத்த பாட்டு. எந்தக் கருவியும் அதில் நன்றாகத்தான் இருக்கும். மரியாதையாக நிறுத்தச் சொல்லிவிட்டு உங்கள் தாளை எடுங்கள்.

முதல் பாட்டின் எண்ணிக்கைக்கு ஒத்த ஸ்டைலைப் போடுங்கள். டெம்போவை நீங்கள் எழுதிய எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். இதைச் செய்யாமல் முடிவு எடுக்க வேண்டாம். 120-இல் துள்ளலாகக் கேட்கும் ஸ்டைல் 72-க்கு இறக்கினால் ஓட்டை ஓட்டையாகக் கேட்கும். இடது கையில் பாட்டின் இரண்டு மூன்று கார்டை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு, மெட்டை வாயால் பாடுங்கள். வலது கையே வேண்டாம். நீங்கள் பாடுவதும் கருவி அடிப்பதும் ஒட்டுகிறதா? ஒட்டினால் தாளில் ஒரு புள்ளி. இப்படிப் பத்துப் பாட்டுக்கும் செய்யுங்கள். எனக்கு மூன்றாவது கருவியில் எட்டுப் புள்ளி விழுந்தது. ஏழுக்குக் கீழே விழுந்தால் வேறு மாடல் பாருங்கள்.

டிரம்ஸும் பேஸும் மட்டும் விட்டுவிட்டு மற்றதை அணைக்க முடிகிறதா என்றும் பாருங்கள். பல நேரம் ஸ்டைலில் வரும் கிட்டாரும் டிரம்பெட்டும்தான் நம் பாட்டைக் கெடுக்கும். அவற்றை அணைத்ததும் அதே தாளம் சரியாக அமைந்துவிடும். எட்டில் மூன்று புள்ளி எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

அப்புறம் வலது கை. ஒரே கீயை மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று அழுத்தி வித்தியாசம் கேளுங்கள். 61 கீயில் ஸ்டைல் ஓடும்போது இடது கைக்குச் சுமார் ஒன்றரை ஆக்டேவ் (ஸ்தாயி) போய்விடும். மிச்சம் மூன்றரையில் உங்கள் மெட்டு அடங்குகிறதா என்று வாசித்துப் பாருங்கள். பெடல் மிதித்து இரண்டு கையாலும் நிறைய ஸ்வரம் பிடியுங்கள், முதலில் பிடித்த ஒலி அறுந்து போகிறதா என்று கவனியுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை ஒலி தாங்கும் என்பது இ373-க்கு 48, இ473-க்கு 64, எஸ்எக்ஸ்600-க்கு 128. ஸ்டைல் ஓடும்போது அந்தக் கணக்கிலிருந்துதான் அதற்கும் எடுக்கும்.

கேரலுக்குத் தூக்கிப் போகிறவர்கள் எடையையும் பேட்டரியையும் பாருங்கள். சிடி-எஸ்300 வெறும் 3.3 கிலோ, பிடியோடு வரும், ஆறு சின்ன பேட்டரியில் ஓடும். எஸ்எக்ஸ்600 எட்டு கிலோவுக்கு மேல். இரவு பதினொரு மணிக்குப் பன்னிரண்டாவது வீட்டுப் படி ஏறும்போது அந்த ஐந்து கிலோ வித்தியாசம் தோளில் தெரியும்.

7. பில்லும் தாள்களும்

ஜிஎஸ்டி எண்ணோடு கூடிய பில் வாங்குங்கள். சொல்லும் விலை வரி சேர்ந்ததா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பில்லில் மாடல் பெயரும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணோடு கடையிலேயே ஒத்துப் பாருங்கள். வாரண்டி அட்டையில் தேதியும் கடை முத்திரையும் வாங்குங்கள். கம்பெனி இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டியிருந்தால் அன்றைக்கே செய்துவிடுங்கள். பில் வழுவழுப்பான தெர்மல் தாளில் அச்சாகியிருந்தால் சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும். போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

அருகில் உள்ள சர்வீஸ் சென்டர் எந்த ஊரில், கருவியைக் கடை அனுப்பித் தருமா, நாமே கொண்டு போக வேண்டுமா என்பதை வாங்கும் முன் கேளுங்கள்.

தவணையில் வாங்க ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம், சில இடங்களில் ரத்து செய்த காசோலை கேட்பார்கள். வட்டி இல்லை என்று சொன்னாலும் செயல்பாட்டுக் கட்டணம் தனியாக இருக்கலாம். மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு, தவணையில் கூட்டினால் எவ்வளவு என்று இரண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள். சபைக்கு வாங்கினால் பில் சபையின் பெயரிலேயே இருக்கட்டும், வாங்கப் போனவர் பெயரில் வேண்டாம். பின்னால் கணக்குத் தணிக்கையில் அது பெரிய தலைவலி ஆகும்.

8. பழையது வாங்கினால்

விலையில் நல்ல மிச்சம் கிடைக்கும். ஆனால் நம் மாவட்டத்தில் கடற்கரை ஊர்களின் உப்புக் காற்று கருவியை வெளியே தெரியாமல் அரித்துவிடும். குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலை ஒட்டி இருந்த கருவி என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

டச் ரெஸ்பான்ஸ் உள்ள ஒவ்வொரு கீக்கும் அடியில் இரண்டு தொடுமுனை இருக்கும். இரண்டும் தொடும் நேர இடைவெளியை வைத்துத்தான் நீங்கள் மெதுவாக அழுத்தினீர்களா, ஓங்கி அழுத்தினீர்களா என்று கருவி கணக்கிடுகிறது. அதில் அழுக்கோ ஈரமோ படிந்தால், மெதுவாக அழுத்தும்போது திடீரென்று முழுச் சத்தத்தில் அலறும் அல்லது ஊமையாகும். ஆகவே ஓங்கி வாசித்துப் பார்த்துப் பயனில்லை. பியானோ ஒலியை வைத்துக்கொண்டு, இடக் கோடியிலிருந்து வலக் கோடிவரை எல்லாக் கீயையும் ஒரே மாதிரி மிக மெதுவாக அழுத்துங்கள். ஒன்று துருத்திக்கொண்டு கேட்டாலும் சுத்தம் செய்யும் செலவைக் கழித்துப் பேசுங்கள். வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரப்பு, அடாப்டர் முனையை அசைத்தால் அணைந்து போவது, திரையில் கோடு இவற்றையும் பாருங்கள். அரை மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டுப் பாருங்கள்.

பழைய பில்லின் நகல் கேளுங்கள். கிடைக்காவிட்டால் சீரியல் எண், தொகை, தேதி எழுதி விற்பவரின் கையெழுத்து வாங்குங்கள். பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அதுவே சாட்சி.

9. வீட்டிலும் ஆலயத்திலும் முதல் வாரம்

முதல்முறை எங்கள் ஆலய மிக்ஸரில் இணைத்தபோது பேஸும் டிரம்ஸின் அடியும் காணாமல் போய், தகரத்தைத் தட்டுவது போல் கேட்டது. கருவி பழுது என்று பயந்துவிட்டேன். பழுது கேபிளில். ஹெட்போன் துளை ஸ்டீரியோ. அதை ஸ்டீரியோ கேபிளால் மிக்ஸரின் ஒரே உள்ளீட்டில் செருகினால், மிக்ஸர் அதை பேலன்ஸ்டு மைக் போல நினைத்து இடது பக்க ஒலியிலிருந்து வலதைக் கழித்துவிடும். இரண்டு பக்கமும் பொதுவாக இருக்கும் பேஸ், கிக் டிரம் எல்லாம் அழிந்து போகும். ஒரு முனை ஸ்டீரியோ, மறுமுனை இரண்டு மோனோவாகப் பிரியும் ஒய் கேபிள் வாங்கி இரண்டு சேனலில் செருகுங்கள். வாங்கும் முன் உங்கள் கருவியின் துளை பெரியதா, போன் ஹெட்போன் அளவுச் சின்னதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

யமஹாவில் பெடல் தலைகீழாக வேலை செய்தால், அதாவது மிதிக்கும்போது ஒலி அறுந்து, விட்டதும் நீண்டால், பெரும்பாலும் பெடலை மிதித்தபடி கருவியை ஆன் செய்திருப்பீர்கள். அணைத்துவிட்டு, காலை எடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள்.

அடாப்டரைச் சுவரிலேயே விட்டு வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மத்தியானத்துக்கு மேல் இடி இறங்கும் நம் ஊரில், வாசித்து முடித்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஆம்ப்ளிஃபயரோடு இணைந்திருந்தால் அந்தக் கேபிளையும் கழற்றுங்கள். பருத்தித் துணியால் மூடி வையுங்கள், பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் அடைபட்டுக் கிடக்கும். பைக்குள் வைத்தால் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை மாற்றுங்கள். பத்து நாளுக்கு மேல் வாசிக்காமல் வைத்தால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

உங்கள் பத்துப் பாட்டுக்கும் எந்த ஸ்டைல் எண், என்ன டெம்போ, எந்த வாய்ஸ், எத்தனை கட்டை என்று கருவியின் பதிவு நினைவகத்தில் (ரெஜிஸ்ட்ரேஷன் மெமரி) ஏற்றுங்கள். ஏற்றியதையே ஒரு அட்டையிலும் எழுதி, கருவியின் மேல் ஒட்டிவிடுங்கள். கரண்ட் போய் வந்து, பாதிரியார் அடுத்த பாட்டை அறிவித்துவிட்டு உங்களைப் பார்க்கும்போது அந்த அட்டைதான் கண்ணுக்கு முன்னால் இருக்கும்.